வாடை

எனக்கு மூக்கு செத்துப் பதினோரு வருடம்.
ஒரு காய்ச்சல் கொண்டுபோனது,
காப்பியின் மணத்தோடு, ஈரக் கோட்டின் வீச்சத்தோடு.
மோன்ஸ் கொட்டகை கட்டியது அதற்குப் பிறகு.
ஆயிரம் பன்றி எப்படி நாறும் என்பதை
நான் இங்கெலிஸின் முகத்தில்தான் படித்திருக்கிறேன்.

முற்றத்துக் கொடிக்கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு நீள நாடா.
யூட்லாந்தில் எல்லா வீட்டிலும் அது அழகுக்கு.
இங்கே அதன் வால் தெற்கே திரும்பினால்
கடித்த ரொட்டி பாதியில் நிற்கும்,
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் தாழ் விழும்,
கொடியில் காயும் விரிப்புகளை
தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோல்
அள்ளிக்கொண்டு ஓடி வருவாள்.
வடக்கிலிருந்து வருவதற்கும் அது கொண்டுவருவதற்கும்
எங்கள் வீட்டில் ஒரே பெயர்: வாடை.

நகராட்சி ஒரு குறிப்பேடு கொடுத்தது.
தேதி, நேரம், காற்றின் திசை,
பூஜ்யம் முதல் ஐந்து வரை கடுமை.
அவளுக்கு ஐந்து போதவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
அழுகிய முட்டை, மேலே அம்மோனியா.
இன்று இனிப்பாக. அதுதான் மோசம்.
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன், நாக்கில் ருசித்தது.
மகனின் கல்யாண விருந்து. யாரும் எதுவும் சொல்லவில்லை.
உள்ளே போய் உட்காரலாமா என்று மட்டும் கேட்டார்கள்.

பக்கத்துக்கு இரண்டு கையெழுத்து.
ஒன்று அவளுடையது.
மற்றது என்னுடையது, நுகராத சாட்சி.

தென்றல் அடிக்கும் நாளில் அது
கொட்டகைக்கு அந்தப் பக்கம், தோர்கில் வீட்டுக்குப் போகும்.
தோர்கிலுக்கு நாறுவதில்லை.
மோன்ஸின் கழிவுக் குழம்பு அவன் வயலுக்கு இலவசம்,
போன ஆகஸ்டில் பார்லி இடுப்பைத் தொட்டது.
"நாட்டுப்புறம் இது, வாசனைக் கடையா?" என்பான்.
அவன் மனைவி மட்டும் ஒருமுறை, கூட்டுறவுக் கடையில்,
வரிசையில் பின்னால் நின்றவள்
ஓரடி தள்ளிப் போனதைச் சொன்னாள்.
சொன்ன வேகத்திலேயே
வெண்ணெய் விலைக்குத் தாவிவிட்டாள்.

மார்ச்சில் அதிகாரி வந்தாள்,
சேறே பார்க்காத ரப்பர் காலணியோடு.
குறிப்பேட்டைப் புரட்டிய விரல்
பதினாறாம் தேதியில் நின்றது.
வாடைக்காற்று. கடுமை ஐந்து. அடியில் இரண்டு கோடு.
"அந்த வாரம் கொட்டகை காலி," என்றாள், மெதுவாகத்தான்.
"ஒன்பதாம் தேதியே பன்றிகள் லாரி ஏறிவிட்டன.
கழுவி, மருந்தடித்து, கதவெல்லாம் திறந்து கிடந்தது."

இங்கெலிஸின் முகத்தைப் பார்த்தேன்.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"நீங்களும் உணர்ந்தீர்களா?" என்று என்னிடம் கேட்டாள்.
"ஆமாம்," என்றேன்.
அந்த இரவு அவள் எழுந்து
துண்டை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தது எனக்குத் தெரியும்.
அவள் தோள் நடுங்கியது தெரியும்.
இதற்கு மேல் மூக்கு எதற்கு?

மாலை வேலிக்கு அப்பால் மோன்ஸ் நின்றான்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
அதிகாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"வெள்ளிக்கிழமை எண்ணூறு குட்டி வருது.
துவைக்கறதை வியாழனுக்குள்ள முடிச்சுடச் சொல்லு."
அவனுக்கும் எதுவும் நாறுவதில்லையாம்.
ஊருக்குப் போனால்தான், பிறர் முகத்தில்.

வியாழன். நாடாவின் வால் தெற்கே.
விரிப்புகள் கொடியில் வயிறு உப்பி ஆடுகின்றன,
அவள் அள்ளவில்லை.
நடுவில் நிற்கிறாள், முகவாயைத் தூக்கி,
ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு.
தேதி எழுதினாள், நேரம், திசை.
கடுமைக் கட்டத்தில் பென்சில் நிற்கிறது.

திரும்பி என்னைக் கேட்கிறாள்,
என்னை:
"அடிக்குதா?"